மண்டிக் கம்ப்யூட்டரைக் கூட்டிய மத்தியானங்கள்

எங்கள் மண்டியின் ஷட்டரை மத்தியானம் பாதி இறக்கிவிடுவார்கள். அந்த அரை இருட்டில்தான் ஒரு வருஷத்துக்கும் மேலாக என்னுடைய உண்மையான வாழ்க்கை நடந்தது. மாமனார் சாப்பிட்டுவிட்டு உள்ளறைக் கட்டிலில் சாய்ந்துவிடுவார். மாமியார் டிவித் தொடரைப் பார்த்தபடியே தலை தொங்கத் தூங்கிவிடுவார். என் கணவர் லோடு ஏற்றத் திருச்சுழிப் பக்கமோ நரிக்குடிப் பக்கமோ போயிருப்பார். வீட்டுக்கும் மண்டிக்கும் நடுவிலுள்ள கதவைச் சத்தமில்லாமல் திறந்து, மல்லி மூட்டைகளுக்கு இடையில் நடந்து, கல்லா மேசையில் இருக்கும் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காருவேன். சொந்த வீட்டுக்குள் திருட வந்தவள் மாதிரி இருக்கும்.

பாளையம்பட்டியில் மிளகாய் வத்தலும் மல்லியும் வாங்கி விற்கிற குடும்பம் எங்களுடையது. முன்பக்கம் மண்டி, பின்பக்கம் வீடு. புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே தும்முவார்கள். கல்யாணமான புதிதில் நானும் தும்மினேன், அப்புறம் மூக்கு பழகிவிட்டது. மற்ற எதுவும் பழகவில்லை.

பெண் பார்க்க வந்த அன்று, "படிச்ச பொண்ணு, வேலைக்குப் போகட்டும், அதுக்கென்ன" என்று சொன்னது என் மாமனார்தான். நான் எம்.எஸ்சி. முடித்திருந்தேன். கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்து, பேச்சுவாக்கில் வேலையைப் பற்றி எடுத்தேன். அவர் சிரித்தார்.

"இது சம்பளம் குடுக்கிற வீடு தாயி. வாங்குற வீடு இல்ல. நீ போயி இன்னொருத்தன் முன்னால கைகட்டி நிக்கணுமா? ஒனக்கு இங்க என்ன கொற?"

ஒரு குறையும் இல்லை. அதுதான் குறை. அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். பாசமாகச் சொன்னதால் அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன். வியாபாரக் குடும்பங்களில் இது ஒரு மானப்பிரச்சினை. கடையில் நஷ்டம் வந்தால்கூட வெளியில் தலைநிமிர்ந்து நடப்பார்கள். வீட்டுப் பெண் மாதச் சம்பளத்துக்குப் போகிறாள் என்றால், கடை படுத்துவிட்டதா என்று ஊரில் நாலு பேர் கேட்பார்கள். என் கணவரிடம் சொன்னேன். அவர் நல்லவர், சண்டைக்குப் போகாத நல்லவர். "அப்பாட்ட கேட்டுக்கயேன்" என்றார். அவர் எதற்கும் சொல்கிற பதில் அது.

போனில் பார்த்துப் படிக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். என்னுடைய போன் என் கணவரின் பழைய போன். அவருடைய கணக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தடவை அதில் போட்டித் தேர்வுக்கான வகுப்புகளைத் தேடினேன். மறுநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் தன் போனில் வந்த விளம்பரத்தை எல்லாருக்கும் காட்டினார். "என்னைய கோச்சிங் கிளாஸுக்கு வாவான்னு கூப்பிடுறாங்கப்பா" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அந்தப் போனில் சமையல் குறிப்பைத் தவிர எதையும் தேடவில்லை.

மண்டிக் கம்ப்யூட்டர் அப்படியில்லை. அது எல்லாருக்கும் பொது. பில் போடக் கணக்குப்பிள்ளை உட்காருவார், விருதுநகர் மார்க்கெட் விலை பார்க்க மாமனார் உட்காருவார். நான் அதில் அரசு வேலைக்கான ஒரு தேர்வின் பழைய வினாத்தாள்களைத் திறந்து படித்தேன். படித்து முடித்ததும், எழுந்திருப்பதற்கு முன்னால், பிரவுசரைச் சுத்தமாகத் துடைத்தேன்.

எப்படித் துடைப்பது என்று ஒரு வீடியோவைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். எங்கெங்கே போனோம் என்ற ஹிஸ்டரி ஒன்று. இது தவிர, ஒரு பக்கத்தைத் திறந்தால் அதிலுள்ள படம், எழுத்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் டெம்பரரி பைல் என்று ஒரு மூலையில் எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை அதே பக்கத்தைக் கேட்டால் சீக்கிரம் கொடுப்பதற்காம். நமக்காக அது பார்க்கிற வேலை, நமக்கே வினையாகப் போகும் போலிருந்தது. துடைப்பது எப்படி என்று பார்த்த அந்த வீடியோவின் தடத்தையும் சேர்த்துத் துடைக்க வேண்டியிருந்தது. எதையும் சேமிக்காத ரகசிய ஜன்னல் ஒன்று அதே பிரவுசரில் இருப்பது ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. தெரிந்த அன்று தலையில் அடித்துக்கொண்டேன்.

தினமும் அதே வேலைதான். மூன்று புள்ளியை அமுக்கு, கட்டங்களில் டிக் போடு, அழி. அழித்த பிறகு புது ஜன்னலைத் திறந்து பார்ப்பேன். வழக்கமாகப் பார்க்கிற தளங்கள் சின்னச் சின்னக் கட்டங்களாக வரிசையில் நிற்கும் இடம் வெறுமையாகக் கிடக்கும். அதைப் பார்த்தால் நிம்மதி வரும்.

இதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. மண்டியில் ஒரு விவசாயியின் சரக்கை எடை போட்டு முடித்ததும் உடனே தரையைக் கூட்டிவிடுவார்கள். ஒரு சம்சாரியின் மல்லி அடுத்த சம்சாரியின் மல்லியோடு கலந்துவிடக் கூடாது என்பதில் மாமனார் கறாராக இருப்பார். "எட போட்ட எடத்துல ஒரு மணி கெடக்கப்படாது" என்பார். அவர் வீட்டு மருமகள் அவர் மெஷினையும் அப்படியே கூட்டி வைக்கிறாள் என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன். காலையில் அவர், "என்னத்த மெஷினு இது, தெனைக்கும் அட்ரெஸ மொதல்லருந்து அடிக்க வைக்குது" என்று முணுமுணுத்தபடி ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருப்பார். நான் காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

தேர்வை அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுதினேன். நரிக்குடிக்கு அம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பி, எழுதி முடித்துவிட்டு உண்மையிலேயே நரிக்குடிக்கும் போய்வந்தேன். பொய்யில் பாதியாவது உண்மையாக இருக்கட்டுமே. விண்ணப்பத்தில் அம்மாவின் போன் நம்பரைக் கொடுத்திருந்தேன். அம்மாவுடையது பட்டன் போன். ஆட்டைப் பத்திக்கொண்டு போகும்போது அதை இடுப்பில் செருகிக்கொள்வார். யாராவது கூப்பிட்டால் எடுப்பார், குறுஞ்செய்தி வந்தால் லோன்காரனென்று விட்டுவிடுவார். அவரிடம் எதையும் விளக்கமாகச் சொல்லத் தைரியம் வரவில்லை. சொன்னால் சந்தோஷத்தில் சம்பந்திகளிடமே உளறிவிடுவார்.

ரிசல்ட் இணையதளத்தில் வரும். வந்தால் சான்றிதழ் சரிபார்ப்புக்கு என்றைக்கு வரவேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். தினமும் மத்தியானம் போய்ப் பார்த்தேன். 'முடிவுகள் விரைவில் வெளியிடப்படும்' என்று ஒரு வரி மட்டும் இருக்கும். பார்த்துவிட்டுத் துடைத்துவிட்டு வந்தேன்.

ஒரு நாள் உள்ளே கட்டில் சத்தம் கேட்டது. மாமனார் எழுந்துவிட்டாரோ என்ற பதற்றத்தில் இருக்கிற எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு அழித்துவிட்டேன். பாஸ்வேர்டுகளும் அதோடு போய்விட்டன. பில் போடும் தளத்தின் பாஸ்வேர்டு வீட்டில் யாருக்கும் மனப்பாடமில்லை, பிரவுசருக்கு மட்டும்தான் தெரியும். மறுநாள் கணக்குப்பிள்ளை திரையைப் பார்த்து விழித்தார். புது பாஸ்வேர்டு வாங்கி வேலையைத் தொடங்குவதற்குள் அன்றைய பொழுது போய்விட்டது. மாமனார் திட்டவில்லை. திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரொம்பச் சுத்தமாக் கெடக்கே" என்று மட்டும் சொன்னார்.

அதோடு துடைப்பதை நிறுத்திவிட்டேன். வேறொரு வழி பிடித்தேன். ஹிஸ்டரியைத் திறந்து, நான் பார்த்த அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துவிடுவேன். மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டேன். டெம்பரரி பைல்களைத் தொடவேயில்லை. மாமனாரின் கட்டங்கள் அவருக்காக வரிசையாக நின்றன. காலை முணுமுணுப்பும் நின்றுவிட்டது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

'முடிவுகள் விரைவில் வெளியிடப்படும்' என்ற வரி மட்டும் மாறவில்லை. நாள் போகப் போக எனக்கு ஒரு சோர்வு வந்தது. பஸ் வராத ஸ்டாப்பில் நிற்கிற மாதிரி இருந்தது. பார்க்காமல் இருந்தால் மண்டை வெடித்துவிடும் என்பதற்காகத்தான் போய்ப் பார்த்தேன். இந்த வீட்டில் என் காலம் முழுக்க இந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டேதான் கழியப்போகிறது என்று ஒரு மத்தியானம் தோன்றியது. அன்றைக்கு மூட்டை மேல் சாய்ந்து அழுதேன். கண்ணைக் கசக்கிவிட்டேன், வத்தல் தூசி கையிலிருந்ததால் எரிச்சலில் இன்னும் கொஞ்சம் அழவேண்டியதாயிற்று.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை. மண்டியில் மாமனார் யாரிடமோ போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"மெஷினுல வேற ரேட்டுல்ல போட்டுருக்கு. நீங்க சொல்றது எங்கேர்ந்து வந்த ரேட்டு?"

போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரை வரச் சொன்னார். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்திருப்பவர் அவர். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் வந்து உட்கார்ந்து, எதையோ தட்டிப் பார்த்தார். நான் அவருக்கு மோர் கொண்டுவந்து வைத்தேன்.

"மெஷினுல ஒண்ணும் இல்லண்ணாச்சி. பழைய பக்கத்த எடுத்து வச்சுக்கிட்டு அதையே காட்டுது. புதுசாப் போயி வாங்கிட்டு வரல. டெம்பரரி பைல அழிச்சாப் போதும்."

"அப்ப ரேட்டு அசையாம நிக்குதுன்னு நான் பாத்ததெல்லாம்?"

"அன்னைக்கு எடுத்து வச்ச ரேட்டுதான். சில சைட்டு அப்பிடி. முன்னாடியெல்லாம் யாராச்சும் அப்பப்ப அழிச்சிருப்பீக, அதான் தெரியல."

அவர் அழித்தார். விலை மாறியது. மாமனார், "அட எழவே" என்றார். நான் தம்ளரைத் திரும்ப எடுக்க மறந்து நின்றேன். துடைத்துக்கொண்டிருந்த வரைக்கும் எனக்குப் புதுப் பக்கம் வந்திருக்கிறது. துடைப்பதை நிறுத்திய நாளிலிருந்து நான் பார்த்தது ஒரே பக்கம். நேற்று வைத்த குழம்பைச் சுடவைத்துச் சுடவைத்து அது எனக்குப் பரிமாறியிருக்கிறது.

உடனே பார்க்க முடியாது. ரிப்பேர்காரர் கிளம்ப வேண்டும், மாமனார் சாப்பிட வேண்டும். சோறு போட்டேன், சாம்பார் ஊற்றினேன், ரசம் ஊற்றினேன். மறுசோறு கேட்டார், போட்டேன். மாமியார் அப்பளம் இன்னொன்று பொரிக்கச் சொன்னார், பொரித்தேன். அந்த வீட்டில் நான் அவ்வளவு மெதுவான ஒரு சாப்பாட்டைப் பரிமாறியதில்லை. அவர் கை கழுவி, வெற்றிலை போட்டு, கட்டிலில் சாய்ந்து, குறட்டை கேட்கும்வரை அடுப்படியில் நின்று கழுவிய பாத்திரத்தையே கழுவிக்கொண்டிருந்தேன்.

பக்கம் திறந்தது. அந்த வரி இல்லை. வேறு ஒரு பட்டியல் இருந்தது, அதில் என் நம்பர் இருந்தது. பக்கத்தில் சரிபார்ப்புக்கான தேதி இருந்தது. விருதுநகர் அலுவலகம், அன்றைய தேதி.

தேறியதற்காக ஒரு நிமிஷம் சந்தோஷப்படக்கூட நேரமில்லை. என் சான்றிதழ்கள் என்னிடம் இல்லை. கல்யாணமாகி வந்த வாரமே நகையோடு சேர்த்து அவற்றையும் வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று மண்டி இரும்புப்பெட்டியில் வைத்துவிட்டார்கள். பெட்டிச் சாவி மாமனார் இடுப்பில் இருந்தது. நான் இத்தனை நாள் துடைத்து மறைத்த ஒன்றை இப்போது அவரைத் தட்டி எழுப்பிச் சொல்ல வேண்டும்.

எழுப்பினேன். மாமியாரும் விழித்துக்கொண்டார்.

"மாமா, பெட்டியில இருக்கிற என் சர்டிபிகேட்டெல்லாம் வேணும். இப்பவே விருதுநகர் போகணும்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "எதுக்கு?"

"வேலைக்கு. பரீட்ச எழுதுனேன், பாஸாயிட்டேன். இன்னைக்குத்தான் வரச் சொல்லிருக்காக."

"சம்பளத்துக்கா?"

"ஆமா மாமா."

மாமியார் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா பெட்டியத் தொறந்து எடுத்துக் குடுக்கிறதாம்மா? நாளைக்குக் காலைல அவுகளே எடுத்துத் தருவாக" என்றார். வெள்ளிக்கிழமை இரும்புப்பெட்டியிலிருந்து எந்தப் பொருளும் வெளியே போகக் கூடாது என்பது அந்த வீட்டில் யாரும் மீறாத வழக்கம். ஒரு தடவை என் கணவரே ஆஸ்பத்திரி அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில்தான் கைமாற்று வாங்கினார்.

"நாளைக்குப் போனா பிரயோசனமில்ல அத்த" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

மாமனார் எழுந்து கை கால் கழுவினார், நெற்றியில் திருநீறு பூசினார். மண்டிக்குப் போய், மூட்டையிலிருந்து ஒரு கை மல்லியை அள்ளிக்கொண்டார். பெட்டியைத் திறந்து முதலில் மல்லியை உள்ளே வைத்தார், அதற்குப் பிறகு என் சான்றிதழ்ப் பையை எடுத்து நீட்டினார். ஒன்று வெளியே போனால் ஒன்று உள்ளே இருக்க வேண்டும் என்று அவராகச் செய்துகொண்ட சமாதானம் அது. அந்த நேரத்தில் அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு அசைவுக்கும் மனசுக்குள் அவரைத் திட்டினேன்.

டவுன் பஸ் பிடித்து அருப்புக்கோட்டை போய், அங்கிருந்து விருதுநகர் பஸ்ஸில் ஏறினேன். பாலவனத்தத்தில் ஒரு கூட்டம் இறங்கியது, ஒரு கூட்டம் ஏறியது. அவர்களில் வேலைக்குப் போய் வருகிற பெண்கள் சிலர் இருந்தார்கள், தோளில் பை, கையில் சாப்பாட்டுத் தூக்கு. சன்னல் பக்கம் சீமைக்கருவேலங் காடு முடிவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸை நானே தள்ளிக்கொண்டு போவதுபோல் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்திருந்தேன்.

அலுவலகத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மேசையில் இருந்த பெண் அதிகாரி என் நம்பரைப் பார்த்துவிட்டு, "காலையிலேயே கூப்பிட்டோமேம்மா. வரலைன்னு போட்டாச்சு" என்றார். தயவாகத்தான் சொன்னார். "மேல அனுப்பியாச்சு, நாங்க ஒண்ணும் செய்ய முடியாது. அடுத்த தடவ எழுதுங்க." மேற்கொண்டு கேட்க எனக்கு எதுவும் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமைச் சாஸ்திரத்தைக்கூடக் குற்றம் சொல்ல முடியாது. நான் சோறு பரிமாறத் தொடங்கும் முன்பே என் பெயரைக் கூப்பிட்டு முடித்திருக்கிறார்கள்.

திரும்பி வந்தபோது மண்டியில் விளக்கேற்றியிருந்தது. மாமனார் கல்லாவில் தனியாக இருந்தார். நான் சான்றிதழ்ப் பையை மேசையில் வைத்தேன்.

"முடிஞ்சுபோச்சு மாமா. காலையிலேயே கூப்பிட்டுட்டாகளாம். ரிசல்ட்டு எப்பவோ வந்திருக்கு. நம்ம மெஷினு பழசையே காட்டிட்டு இருந்திருக்கு."

அவர் பையைத் தொடவில்லை. "நீதான் தெனமும் மெஷினக் கூட்டிக்கிட்டு இருந்த. அது எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்பிடி மாமா?" என்றேன்.

"எட போட்ட தர எது, போடாத தர எதுன்னு மண்டிக்காரனுக்குத் தெரியாதா? காலைல வந்து ஒக்காந்தா கழுவி விட்டாப்புல இருக்கும். என்ன சரக்குன்னுதான் தெரியாது. கூட்டுறது நீதான்னு தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் மாமா கேக்கல?"

"கேட்டா நீ சொல்லிருவ. சொன்னா நான் போன்னோ போகாதன்னோ சொல்லணும்ல? பெறகு கொஞ்ச நாளாக் கூட்டாமக் கெடந்துச்சு. சரி, அவளாவே விட்டுட்டா போலன்னு நெனச்சேன். நிம்மதியா இருந்துச்சு."

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் அளந்து சொல்ல முடியாது. பதறிப் பதறி யாரிடமிருந்து மறைத்தேனோ, அவர் தினமும் காலையில் அந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டு காபி குடித்திருக்கிறார். அவருக்குப் பயந்து நான் துடைத்தேன், எனக்குப் பதில் சொல்லப் பயந்து அவர் பேசாமல் இருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து என் வேலையைத் தொலைத்தோம். ஆனால் தொலைந்தது என்னுடையது மட்டும்தான், அவருக்கு நிம்மதி கிடைத்திருந்தது. கத்த வேண்டும் போலிருந்தது. அதற்குள் ஒரு சம்சாரி மூட்டையோடு உள்ளே வந்தார். மாமனார் தராசுப் பக்கம் போனார்.

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மண்டியில் ஆள் இருக்கும்போது அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அடுத்த தேர்வுக்கான பக்கத்தைத் தேடித் திறந்தேன். அதற்கான பாடங்களைத் திறந்தேன், பழைய வினாத்தாள்களைத் திறந்தேன். மூட்டை எடை போடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ தரையைக் கூட்டினார்கள். நான் எதையும் அழிக்கவில்லை. சான்றிதழ்ப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போய், என் துணி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் காலையில் காபி கொண்டுவந்தபோது மாமனார் விலை பார்க்க உட்கார்ந்திருந்தார். புது ஜன்னலில் கட்டங்கள் வரிசையாக நின்றன. அவருடைய மார்க்கெட் விலைக் கட்டம் ஓரத்துக்குப் போயிருந்தது. முதல் கட்டத்தில் என் தேர்வுப் பக்கம் இருந்தது.

"இது என்னம்மா முன்னால வந்து நிக்குது?" என்றார்.

"நிக்கட்டும் மாமா" என்றேன்.

அவர் சுட்டியை நகர்த்தி ஓரத்துக் கட்டத்தை அமுக்கினார். என்னுடையதை எப்படி எடுப்பதென்று அவருக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் நான் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டேன்.